சிறுவிட்டக் குழலில் குண்டின் வேகம்: ஊசலா, குரோனோகிராபா, கைப்பேசியா?

இராமநாதபுரத்துக்குக் கிழக்கே, கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி அமைந்த, உரிமம் பெற்ற சுடுதளம் ஒன்றில் ஞாயிறுதோறும் கூடுகிற ஐந்து பேரில் நானும் ஒருவன். கல்லூரியில் இயற்பியல் ஆய்வகம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால், அளவு, கணக்கு என்று எது வந்தாலும் என் தலையில்தான் விடியும். எங்களிடம் உரிமத்தோடு இருக்கிற இரண்டு துப்பாக்கிகள் குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் வகையைச் சேர்ந்தவை. உள்ளே திருகுவரி வெட்டிய, 0.32 அங்குல விட்டக் குழல் கொண்டவை. அவற்றிலிருந்து புறப்படும் ஈயக் குண்டின் வேகத்தை எந்த வழியில் அளப்பது, அதற்காக ஐவரும் கூட்டாகப் பணம் போடுவதாக இருந்தால் எதில் போடுவது என்ற கேள்வி சென்ற ஆண்டு எழுந்தது. அதற்கு நாங்கள் தேடிய விடையையே இங்கே எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் நாட்டுத் துப்பாக்கி என்றதும் நினைவுக்கு வருவது பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் வாங்கி வைத்திருக்கும், உள்ளே வழவழப்பான குழல் கொண்ட கருவியாகும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமே அந்தத் தேவையைத் தனியாகக் குறிப்பிடுகிறது. திருகுவரி வெட்டிய சிறுவிட்டக் குழலின் வரலாறு வேறு. அது அமெரிக்காவில் அணில் போன்ற சிற்றுயிர்களை வேட்டையாடப் புழங்கிய துப்பாக்கிகளின் வழி வந்தது. மருந்தும் ஈயமும் குறைவாகச் செலவாகும், தோளில் உதைப்பும் குறைவு என்பதால் குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்களுக்கும் அது பிடித்துப்போயிற்று. எண்ணெய் தோய்த்த துணித்துண்டில் பொதிந்த 0.310 அங்குலக் குண்டைத் திணிகோலால் இறக்கி, மருந்தின் மேல் அமர்த்திச் சுடுகிறோம். அந்தக் குண்டின் எடை சுமார் 2.9 கிராம்தான், இனி வரும் சிக்கல்கள் பெரும்பாலானவை அந்த எடைக்குறைவிலிருந்தே பிறக்கின்றன.

வேகம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று எங்கள் குழுவில் மூத்தவரான கீழக்கரைக் 'காக்கா' (அண்ணன்) முதல் நாளே கேட்டார். நியாயமான கேள்விதான். குழல்வாயில் வினாடிக்கு 450 மீட்டர் வேகத்தில் புறப்படும் இந்தக் குண்டு, 50 மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையை அடையும்போது ஏறக்குறைய 300 மீட்டர் வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. மூன்றில் ஒரு பங்கு வேகத்தைக் காற்று வழியிலேயே பிடுங்கிக்கொள்கிறது. இந்தப் பயணத்துக்கு ஆகும் நேரம் 0.139 வினாடி. காற்றுத்தடையே இல்லாவிட்டால் 0.111 வினாடியில் போய்ச் சேர்ந்திருக்கும். இடையிலுள்ள 0.028 வினாடித் தாமதத்தைக் குறுக்குக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் குண்டு எவ்வளவு ஒதுங்கும் என்பது கிடைத்துவிடும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வீசும் ஒரு பிற்பகலில் அது சுமார் 22 சென்டிமீட்டர்.

இதில் பலரும் எதிர்பாராத ஒரு திருப்பம் உண்டு. வேகத்தைக் கூட்டினால் ஒதுக்கம் குறையும் என்றே யாருக்கும் தோன்றும். ஆனால் உருண்டைக் குண்டுக்கு ஒலியின் வேகத்தைத் தாண்டிய நிலையில் காற்றுத்தடை மிகக் கூடுதல். ஒலியின் வேகத்துக்குக் கீழே அது வெகுவாகக் குறைந்துவிடும். 32 பாகை வெப்பத்தில் ஒலியின் வேகம் வினாடிக்கு 350 மீட்டர். ஆகவே 330 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டு, 450 மீட்டர் வேகத்தில் புறப்படுவதைவிட மெதுவாகப் போனாலும் அதே காற்றில் சற்றுக் குறைவாகவே, ஏறக்குறைய 19 அல்லது 20 சென்டிமீட்டர்தான், ஒதுங்குகிறது. நம் மருந்தளவு ஒலியின் வேகக் கோட்டுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பது காற்று ஓயாத இந்தக் கரையில் வெறும் ஆர்வக் கேள்வி அன்று. இதைச் சொன்ன பிறகு காக்கா மறுபேச்சுப் பேசவில்லை; "அப்ப அளந்துதான் பாக்கணும், வாத்தியாரே" என்றார்.

எல்லோரும் முதலில் கைகாட்டுவது குரோனோகிராபைத்தான். இரண்டு ஒளி உணரிகளைக் குறிப்பிட்ட இடைவெளியில் வைத்து, குண்டின் நிழல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் நேரத்தை அளந்து, வேகத்தைத் திரையில் காட்டும் பெட்டி அது. உணரிகளுக்கு நடுவே இரண்டு அடி இடைவெளி என்று வைத்துக்கொண்டால் எங்கள் குண்டு அதை 1.4 மில்லிவினாடியில் கடந்துவிடும். இன்றைய மின்னணுவுக்கு அந்த நேரத்தை அளப்பது ஒரு பொருட்டே அன்று. புகையில்லா மருந்துத் துப்பாக்கிக்கும் காற்றுத் துப்பாக்கிக்கும் இதைவிட வசதியான கருவி வேண்டியதில்லை.

நாங்கள் கெட்டிக்கும் கரிமருந்துக்கு அப்படியில்லை. குண்டோடு சேர்ந்து அடர்ந்த புகையும், எரியாத துகள்களும், கருகிய துணித்துண்டும் குழலிலிருந்து வெளியே பாய்கின்றன. கருவியை மூன்று மீட்டருக்குள் வைத்தால் உணரி குண்டைப் பார்த்ததா, புகையின் முகப்பைப் பார்த்ததா என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இரவல் வாங்கிய கருவி ஒன்றில் நாங்கள் முதல் நாள் பெற்ற எண்களில் ஒன்றுக்கொன்று பொருந்தியவை பாதிக்கும் குறைவு. ஒரு முறை துணித்துண்டே, உணரிக்கு மேலே நிற்கும் நிழற்தகட்டைத் தாங்கும் கம்பியைத் தட்டிவிட்டுப் போயிற்று. உரிமையாளரிடம் நான் சொன்ன விளக்கத்தை அவர் முழுமையாக நம்பினாரா என்பது இன்றும் எனக்கு ஐயமே. நாலரை அல்லது ஐந்து மீட்டர் தள்ளி வைத்த பிறகுதான் எண்கள் ஒரு வழிக்கு வந்தன. அவ்வளவு தள்ளி வைத்தால் கருவி காட்டுவது குழல்வாய் வேகம் ஆகாது. இந்த எடைக்குறைந்த குண்டு மீட்டருக்கு ஏறக்குறைய நூற்றில் 0.9 பங்கு வேகத்தை இழப்பதால், 450 மீட்டர் வேகத்தில் புறப்பட்டது நாலரை மீட்டரில் 432 ஆகியிருக்கும். கனமான நீள்குண்டுக்காரர்கள் இந்தத் திருத்தத்தைப் பொருட்படுத்தாமல் விடலாம். நாம் விட முடியாது.

கடற்கரை இதோடு தன் பங்கையும் சேர்க்கிறது. நடுப்பகல் வெயில் உணரிக்குள் நேரே இறங்கினால் நிழல் கரைந்துவிடுகிறது. மாலை வெயில் சாய்வாக விழுந்தால் இரண்டு உணரிகளும் ஒரே அளவு ஒளியைப் பெறுவதில்லை. கச்சானில் நிழற்தகடுகள் பாய்மரம்போல் காற்று வாங்கித் தாங்கியையே சாய்க்கின்றன. உப்புக்காற்று மின்முனைகளில் பச்சை பிடிக்க வைப்பதைப் பற்றிக் கரையோரத்தில் வானொலிப் பெட்டி வைத்திருந்த எவருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

ரேடார் வகைக் கருவிக்குப் புகையும் வெயிலும் பெரிய தடை அல்ல. துப்பாக்கிக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு குண்டின் வேகத்தைப் பல தொலைவுகளில் அளந்து கொடுப்பதால், காற்றுத்தடையைத் தனியே ஊகிக்கவும் தேவையிராது. ஆனால் எட்டு மில்லிமீட்டருக்கும் குறைவான உருண்டை திருப்பியனுப்பும் அலை மிக மெலிந்தது. விலையோ சாதாரண குரோனோகிராபைப்போல் பல மடங்கு. வானொலி அலை வெளியிடும் கருவி என்பதால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க அனுமதி நடைமுறைகளும் உண்டு. ஐந்து பேர் கூட்டுக்கு இது எட்டாத கொம்பு என்று விட்டுவிட்டோம். குழல் முனையில் கட்டுகிற காந்தவகைக் கருவியையும் அதே நாளில் ஒதுக்கினோம். வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் திணிகோல் போய்வர வேண்டிய இடத்தில் அது குறுக்கே நிற்கும்.

மின்சார மோட்டாரின் அச்சில் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு அட்டைத் தட்டுகளைச் சுழலவிட்டு, இரண்டிலும் விழும் துளைகளின் கோண வேறுபாட்டைக் கொண்டு வேகம் காணும் பழைய முறையை என் மாணவர் ஒருவர் ஆர்வத்தோடு முன்வைத்தார். நிமிடத்துக்கு 1440 சுற்றுச் சுழலும் சாதாரண மோட்டாரில் அந்த வேறுபாடு 20 பாகைதான் வரும். ஒரு பாகை தவறாகப் படித்தால் நூற்றுக்கு ஐந்து பிழை. மின்னழுத்தம் மதியத்துக்கு மதியம் மாறுகிற ஊரில் மோட்டார் எத்தனை சுற்றுச் சுழன்றது என்பதையே தனியாக அளக்க வேண்டியிருக்கும்.

இனி ஊசல். இதைச் சற்று விரித்தே எழுத வேண்டும். 1742-இல் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், கம்பியில் தொங்கும் கனமான கட்டையில் குண்டைச் சுட்டுப் பதித்து, கட்டை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிடும் முறையை வெளியிட்டார். பறக்கும் குண்டுக்குக் காற்று எவ்வளவு பெரிய தடை என்பதை உலகம் அறிந்துகொண்டது அந்த அளவீடுகளால்தான். அதே ராபின்ஸ் பின்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்கும் பொறியாளராகச் சோழமண்டலக் கரைக்கு வந்து, கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையில் 1751 சூலையில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். (நம் தேவிபட்டினத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், நான் ஒரு முறை வகுப்பில் குழப்பியிருக்கிறேன்.) துப்பாக்கிக் குண்டின் வேகத்தை நம்பத்தக்க வகையில் முதன்முதலாக அளந்து காட்டிய மனிதர் நம் கரையிலேயே அடங்கியிருக்கிறார் என்பது, இந்த முறைமீது எனக்குள்ள ஒருதலைச் சார்புக்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

கணக்கு எளிது. 15 சென்டிமீட்டர் சதுர முகமும் 27 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட, ஏறக்குறைய மூன்று கிலோ எடையுள்ள மென்மரக் கட்டையை இரண்டு மீட்டர் நீளமுள்ள நான்கு எஃகுக் கம்பிகளில், திரும்பாமல் இணையாக ஆடும்படி தொங்கவிட வேண்டும். குண்டு பதிந்ததும் கட்டை பின்னோக்கி நகரும் கிடைத்தூரத்தை அளந்து, அதை 2.21-ஆல் பெருக்கினால் கட்டையின் தொடக்க வேகம் வரும். அதைக் கட்டையும் குண்டும் சேர்ந்த எடைக்கும் குண்டின் எடைக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கினால் குண்டின் வேகம் கிடைக்கும். கட்டை 18.75 சென்டிமீட்டர் நகர்ந்தால் குண்டு மோதிய வேகம் வினாடிக்கு 430 மீட்டர். குண்டின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஊசலின் ஆட்டமாகிறது. மற்றதெல்லாம் மரத்தைக் கிழிப்பதிலும் ஈயத்தை நசுக்குவதிலும் சூட்டிலும் போய்விடுகிறது. அதனால் இங்கே ஆற்றலை வைத்துக் கணக்குப் போடுவோர் ஏமாறுவார்கள், எடையையும் வேகத்தையும் பெருக்கி வரும் உந்தம் மட்டுமே கைகொடுக்கும். இந்த இடத்தில் முப்பது ஆண்டுகளாக மாணவர்கள் இடறுவதை நான் பார்த்து வந்திருக்கிறேன்.

நகர்ந்த தூரத்தை அளக்க ராபின்ஸ் ஊசலின் அடியில் நாடா ஒன்றைக் கட்டி, அது எவ்வளவு உருவப்பட்டது என்று பார்த்தார். நாங்கள் நாடாவுக்குப் பதில் மீன்பிடிக்கும் தங்கூசி நரம்பைப் பயன்படுத்தினோம். துணிப்பட்டைகளுக்கு இடையே லேசாக அழுத்தப்பட்ட நரம்பு, கட்டை போகும்போது உருவி வந்து, கட்டை திரும்பும்போது அங்கேயே நின்றுவிடும். இதில் இரண்டு மில்லிமீட்டர் பிழை நேர்ந்தாலும் நூற்றுக்கு ஒன்றுதான். குண்டை நகைக்கடைத் தராசிலும் கட்டையைப் பலசரக்குக் கடைத் தராசிலும் நிறுத்தோம். கட்டைக்குத் தென்னையின் உள்பகுதி போதுமானது. இங்கே கேட்காமலே கிடைக்கும் சீமைக் கருவேலம் இதற்கு உதவாது. அந்தக் கெட்டி மரத்தில் பட்டு ஈயம் சிதறித் தெறித்தால், உந்தத்தில் ஒரு பகுதி கணக்கில் வராமலே போய்விடும். ஈரமணல் நிரப்பிய பெட்டியையும் முயன்றோம். கடற்காற்றில் மணல் காயக் காயப் பெட்டியின் எடை மாறிக்கொண்டே போனதால் அதைக் கைவிட்டோம்.

ஊசலுக்கும் எதிரிகள் உண்டு. குழலிலிருந்து வரும் புகைவேகமும் துணித்துண்டும் கட்டையைத் தள்ளினால் கணக்குக் கெட்டுவிடும். கால் கிராம்கூட இல்லாத துணித்துண்டு வினாடிக்கு நூறு மீட்டர் வேகத்தில் கட்டையில் மோதினாலே நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்கு மேல் பிழை வந்துவிடும். ஐந்து மீட்டர் தொலைவில் கட்டையைத் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் சிறு துளையிட்ட பலகை ஒன்றை நிறுத்துவது இதற்குப் பரிகாரம். ஒவ்வொரு சூட்டுக்கும் 2.9 கிராம் ஈயம் கட்டையில் சேர்வதையும் கணக்கில் ஏற்ற வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி காற்று. வினாடிக்கு 8 மீட்டர் காற்று அந்தச் சதுர முகத்தில் நேரே மோதினால், ஒரு குண்டும் படாமலே கட்டை 6 சென்டிமீட்டர் ஒதுங்கி நிற்கும். இது நாங்கள் அளக்க விரும்பும் நகர்வில் மூன்றில் ஒரு பங்கு. நான்கு பக்கமும் ஓலைத்தட்டி கட்டிய பிறகும் ஆடி மாதத்தில் ஊசல் அமைதியாக நிற்கவில்லை. வாடை ஓய்ந்து கச்சான் தொடங்காத பங்குனிக் காலையில், சூரியன் ஏறுமுன், அது குத்துக்கல்போல் நின்றது.

ஊசலுக்கு ஈடாக இன்று எவர் கையிலும் இருக்கும் கருவி கைப்பேசிதான். ஐம்பது மீட்டரில் இரும்புத் தகடு ஒன்றைத் தொங்கவிட்டு, சுடுபவருக்குப் பக்கத்தில் கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தொடங்கிவிட்டால், வெடிச்சத்தத்துக்கும் தகட்டிலிருந்து திரும்பி வரும் 'டிங்' ஒலிக்கும் இடையிலுள்ள நேரத்தைக் கணினியில் அலைவடிவமாகப் பார்த்து மிக நுட்பமாகப் படிக்கலாம். எங்கள் குண்டுக்கு அது 0.282 வினாடி வரும். அதில் 0.143 வினாடி ஒலி திரும்பி வந்த நேரம். அதைக் கழித்தால் குண்டு பறந்த நேரம் கிடைத்துவிடும். கைப்பேசியைத் தகட்டின் பக்கம் வைக்கக் கூடாது. குண்டும் வெடிச்சத்தமும் அங்கே நான்கு மில்லிவினாடி இடைவெளியில் வந்து சேர்வதோடு, ஒலியை முந்தும் குண்டின் அதிர்வலையும் கலந்து எது எது என்று பிரிக்க முடியாமல் போய்விடும்.

இந்த முறைக்குச் செலவு இல்லை, புகையால் தொல்லை இல்லை, மருந்து கெட்டிக்க ஆகும் இரண்டு மூன்று நிமிடத்தில் முந்தைய சூட்டின் கணக்கையும் முடித்துவிடலாம். ஆனால் இது தருவது ஐம்பது மீட்டரின் சராசரி வேகம். 360 என்று வந்தால் அதிலிருந்து 450-க்குப் போகக் காற்றுத்தடைக் கணக்கை நம்பியாக வேண்டும். காற்று இங்கும் விட்டுவைப்பதில்லை. தகட்டிலிருந்து நம்மை நோக்கி வரும் ஒலிக்கு 8 மீட்டர் வேகக் காற்று எதிரே வீசினால், ஒலி 3.3 மில்லிவினாடி பிந்தி வரும். வேகத்தில் அது நூற்றுக்கு இரண்டுக்கு மேற்பட்ட பிழை. சுடும் திசைக்குக் குறுக்கே காற்று வீசும் வேளையில் அளந்தால் இந்தப் பிழை பெரும்பாலும் நீங்கிவிடும். கைப்பேசி தானாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிடவும் வேண்டும். இல்லையென்றால் வெடிச்சத்தத்தில் செவிடான கருவி தகட்டின் ஒலியைப் பதியாமலே விட்டுவிடுகிறது.

அட்டையில் குண்டு எவ்வளவு தாழ்ந்து விழுகிறது என்று பார்த்து வேகம் சொல்வோரும் உண்டு. ஐம்பது மீட்டரில் மொத்தத் தாழ்வே ஒன்பதரை சென்டிமீட்டர்தான். வேகம் நூற்றுக்குப் பத்து மாறினால் தாழ்வு இரண்டு சென்டிமீட்டர் மாறும். எங்கள் கைத்திறனில் குண்டுகள் சிதறி விழும் வட்டமோ ஐந்து சென்டிமீட்டர். இந்த முறையால் அறிந்துகொள்ளக்கூடியது சுடுபவரின் கைநடுக்கத்தைத்தான்.

அட்டவணைகளைப் பார்த்து ஊகிப்பதை நான் முற்றாகத் தள்ளவில்லை. வேறு குழல் நீளத்துக்கும் வேறு நாட்டு மருந்துக்கும் எழுதப்பட்ட எண்கள் நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் ராபின்சுக்குப் பின்வந்த சார்லஸ் ஹட்டன், இங்கிலாந்தின் உலிச்சில் பெரிய ஊசல்களைக் கொண்டு செய்த ஆய்வுகளில் கண்ட விதி இன்றும் பயன்படுகிறது: குண்டின் வேகம் மருந்தளவின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறுகிறது. ஒரு மருந்தளவுக்கு 450 என்று ஊசலில் உறுதிசெய்துகொண்டால், 330-க்கு இறங்க மருந்தை முன்பிருந்ததில் 0.54 பங்காக, அதாவது பாதிக்குச் சற்று மேலாக, குறைக்க வேண்டும் என்று காகிதத்திலேயே கண்டுவிடலாம். நாங்கள் அப்படிக் குறைத்துப் பார்த்தபோது ஊசல் காட்டியது கணக்கைவிடக் கொஞ்சம் கீழே இருந்தது. மருந்து குறையும்போது குழலின் உராய்வு தன் பங்கைக் கூடுதலாக எடுத்துக்கொள்வதே காரணம் என்று நினைக்கிறேன். இந்த விதியை மேல்நோக்கி, துப்பாக்கி செய்தவர் குறித்த எல்லையைத் தாண்டிப் பயன்படுத்த எவரும் முற்படக் கூடாது.

இடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடற்கரை வெறிச்சோடிக் கிடக்கிறதே, அங்கே போய் அளந்தால் என்ன என்று இளைஞர் ஒருவர் கேட்டார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. கரையெங்கும் வலை காயப்போடுவோரும் கருவாடு உலர்த்துவோரும் இருக்கிறார்கள். மணல் மேட்டுக்கு அப்பால் வள்ளம் இருக்கிறதா இல்லையா என்று சுடுபவருக்குத் தெரியாது. உரிமம் பெற்ற தளத்துக்கு வெளியே இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

முடிவில் நாங்கள் பணம் போட்டது ஊசலுக்குத்தான், அதுவும் கம்பிக்கும் மரத்துக்கும் தட்டிக்கும் ஆன சிறு தொகை. பங்குனியில் இரண்டு காலைகள் அதில் சுட்டு, ஒவ்வொரு மருந்தளவுக்கும் பத்துச் சூட்டின் சராசரியைக் குறித்துக்கொள்வது. அதே காலையில் கைப்பேசி முறையிலும் அளந்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் திருத்தமாக எழுதி வைப்பது. ஆண்டின் மற்ற மாதங்களில் கைப்பேசியை மட்டும் நம்புவது என்று ஏற்பாடு. தனியொருவராகச் சுடுபவருக்கும், காற்றுத் துப்பாக்கியையும் சேர்த்து வைத்திருப்பவருக்கும் நான் குரோனோகிராபையே சொல்லியிருப்பேன், ஐந்து மீட்டர் தள்ளி வைத்துத் திருத்தம் போடுவார் என்றால். எங்களிலும் குரோனோகிராப் வாங்கத்தான் வேண்டும் என்று இன்னும் ஒருவர் நிற்கிறார். பங்குனி எண்கள் இரண்டு முறையிலும் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் விலகினால் அவர் பக்கம் சாய்வதாக மற்ற நால்வரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.